பழங்கணினி கிட் வாங்குமுன் உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் உருப்படியாக ஏதாவது வாங்கித் தரலாம் என்று நினைக்கும் பெற்றோர் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறைய உண்டு. ரோபோ, டிரோன் வரிசையில் இப்போது 1970-களின் கணினிகளை நாமே ஈயம் வைத்துக் கட்டும் கிட்டுகளும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. பொழுதுபோக்கு நல்லதுதான். ஆனால் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குகிறார்களே தவிர, உள்ளே எந்த சிப் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்டாலே பெரிய ஏமாற்றம் ஒன்று தவிர்ந்துவிடும். மற்ற சிக்கல்கள் பெரும்பாலும் நம் கடற்கரைக் காற்றாலும், மலிவு சோல்டரிங் அயர்னாலும் (ஈயம் பற்றவைக்கும் கருவி) வருபவை. இவற்றைப் பற்றி விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

இந்தக் கிட்டுகளில் ஒரு ரகத்துக்கு முகப்பு மட்டுமே பழசு. 1975 ஜனவரி மாத பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அசலில் இன்டெல் 8080 சிப், வெறும் 256 பைட் நினைவகம், முகப்பில் 36 விளக்குகள், 25 சுவிட்சுகள். அதன் நகலான ஆல்டேர்-டுயினோவில் 8080 கிடையாது. ஆர்டுயினோ டியூ என்ற இக்காலக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று மென்பொருளால் 8080-ஆக நடிக்கிறது. 1968-இல் வந்த பிடிபி-8/ஐ கணினியின் நகலான பைடிபி-8-இல் 89 விளக்குகளும் 26 சுவிட்சுகளும் அசல் போலவே மின்னும். பின்னால் வேலை செய்வது ராஸ்பெரி பை என்ற இக்காலச் சிறு கணினி. கிம்-1 என்ற பழைய கணினியின் நகலான கிம் ஊனோவிலும் அதே கதை: 6502 சிப்புக்குப் பதில் ஒரு சின்ன ஆர்டுயினோ. இவற்றில் நாம் பற்றவைப்பது விளக்கு, சுவிட்ச், டயோடு, ரெசிஸ்டர், அவ்வளவுதான். மேசையில் வைத்து அழகு பார்க்கவும், சுவிட்சைத் தட்டி ஒவ்வொரு பைட்டாக நிரல் ஏற்றும் சுகத்துக்கும் இவை அருமை. கணினி எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இது போதாது. நினைவகத்தில் எந்த இடம் வேண்டும் என்று சிப் சொல்லும் முகவரிக் கம்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க அங்கே முகவரிக் கம்பியே இல்லை.

இன்னொரு ரகத்தில் சிப் நிஜம். இசட்80 சிப்பை வைத்துக் கட்டும் ஆர்சி2014, நிஜ 6502-உடன் வரும் கிம்-1 நகல், 1976 ஆகஸ்டில் அதே பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட காஸ்மாக் எல்ஃப் என்ற கணினியின் வழியில் ஆர்.சி.ஏ. 1802 சிப்பை மிட்டாய் டப்பாவுக்குள் அடக்கிய சிறு பலகை ஆகியவை இந்த வகை. ஆப்பிள்-1-இன் அச்சு அசல் நகலும் இதில் சேரும். ஆனால் முதல் கிட்டாக அதைத் தொடவே கூடாது. அதன் திரைப்பகுதி கேட்கும் 2513 எழுத்து சிப்பும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களும் தேடித் திரிய வேண்டியவை, விலையும் அதிகம். (ஆல்டேர்தான் முதல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பிரெஞ்சுத் தொடர்புள்ள புதுச்சேரிக்காரர்களாவது 1973-இல் பிரான்சில் இன்டெல் 8008-ஐ வைத்து வந்த மிக்ரால் என்-ஐ நினைவில் வைக்கலாம். அது கிட்டாக வராமல் முழு இயந்திரமாக விற்றது.)

நம் மாணவர்களுக்கு எது பொருத்தம் என்று கேட்டால் இசட்80 என்பேன். காரணம் இருக்கிறது. இங்கே பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ படித்தவர்கள் 8085 சிப் உள்ள டிரெய்னர் (பயிற்சி) கிட்டில் 4100 என்ற நினைவக முகவரியில் தொடங்கி ஹெக்ஸ் (பதினாறடி எண்) விசைகளைத் தட்டி, 4500-இல் விடை பார்த்துப் பழகியவர்கள். 8085, இசட்80 இரண்டும் 8080-இன் வாரிசுகள். 3ஈ, 32, 76 என்ற குறியீடுகள் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்யும். அசெம்பிளி மொழியில் அவற்றுக்கு எழுதும் பெயர்தான் வேறு. ஆகவே ரெக்கார்டு நோட்டில் இருக்கும் கூட்டல், வரிசைப்படுத்தல் நிரல்களை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். மூன்று மாற்றங்கள் போதும். ஆர்சி2014-இன் 32 கிலோபைட் அமைப்பில் ரேம் 8000-இல்தான் தொடங்குகிறது, எனவே 4100-ஐ மேலே நகர்த்த வேண்டும். பலகையோடு வரும் பேசிக் மொழி தொடங்கும்போது கேட்கும் நினைவக உச்சியைக் குறைத்துக் கொடுத்தால் அந்த இடம் நமக்கென்று ஒதுங்கும். பேசிக்கிலிருந்து அழைக்கும் நிரலின் கடைசியில் ‘நில்’ என்னும் 76-க்குப் பதில் ‘திரும்பு’ என்னும் சி9 போட வேண்டும். 8085-க்கே உரிய 20, 30 குறியீடுகளைத் தொடக் கூடாது; இசட்80-இல் அவை நிபந்தனைத் தாவல்கள், நிரல் எங்கோ ஓடிவிடும்.

இசட்80 வாங்குவதில் இப்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1976 முதல் வந்துகொண்டிருந்த 40 கால் சிப்பின் உற்பத்தியை நிறுத்துவதாக ஸைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்து, 2024 ஜூன் 14-உடன் கடைசி ஆர்டரை மூடிவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் இருப்புச் சரக்கும் பழைய பலகையிலிருந்து கழற்றியதும்தான். மேல்பரப்பைத் தேய்த்து, புதிய எழுத்து அச்சடித்து விற்பதும் நடக்கிறது. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் கறுப்புப் பூச்சு கரைந்து வருகிறதா என்று பாருங்கள். சிமாஸ் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய தயாரிப்பு முறை) என்று சொல்லிப் பழைய என்மாஸ் முறைச் சிப்பைத் தந்திருந்தால் அதற்கும் சோதனை உண்டு: ஈடி 71 என்ற ஆவணப்படுத்தாத கட்டளை என்மாஸில் 0-வையும் சிமாஸில் 255-ஐயும் வெளியே அனுப்பும். என்மாஸும் வேலை செய்யும், ஆனால் மின்சாரம் பல மடங்கு குடிக்கும்.

6502 பக்கம் போகிறவர்களுக்கு நிம்மதி, அது இன்றும் புதிதாகத் தயாராகிறது. ஆனால் புதிய டபிள்யூ65சி02எஸ்-ஐப் பழைய 6502-க்காக வரைந்த பலகையில் அப்படியே செருகக் கூடாது. பழையதில் 1-ஆம் கால் கிரவுண்ட் (0 வோல்ட்). புதியதில் அது வெளியீடு. பலகை அதை கிரவுண்டோடு இணைத்திருந்தால் அந்தக் காலைச் சாக்கெட்டுக்கு வெளியே மடக்கிவிட வேண்டும். பழையதில் இணைப்பே இல்லாத 36-ஆம் கால் புதியதில் 5 வோல்ட்டுக்கு இழுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் சிப் பஸ்ஸை, அதாவது பலகையின் பொதுக் கம்பித் தொகுப்பை, தொடவே தொடாது.

சில்லறைச் சாமான்களைக் கிட்டோடு வாங்கத் தேவையில்லை. ரெசிஸ்டர், கெபாசிட்டர், சாக்கெட், 74 வரிசை லாஜிக் ஐ.சி.க்கள் (சிறு துணைச் சிப்புகள்) சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பலகையையும் நிரல் பதித்த ரோம் சிப்பையும் மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் குறையும். கேட்கும்போது 74எச்.சி.டி. என்று அழுத்திக் கேளுங்கள். 74எச்.சி. தந்தால், அது வரும் சைகையை ‘1’ என்று ஒப்புக்கொள்ள 3.5 வோல்ட் எதிர்பார்க்கும்; பழைய சிப்புகள் 2.4 வோல்ட் தந்தாலே கடமை முடிந்தது என்று நிற்பவை. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலிலும் சமரசம் வேண்டாம். 7.3728 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்தால் சரியாக 115,200 வருகிறது, அதுதான் பலகையும் கணினியும் பேசிக்கொள்ளும் சீரியல் இணைப்பின் வேகம். ‘எட்டு இருக்கு, பரவாயில்லையா?’ என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; 125,000 ஆகிவிடும், எட்டரை சதவீதப் பிழையில் திரையில் குப்பைதான் வரும்.

இனி ஈயம். கடைகளில் 25 வாட் அயர்ன் மலிவாகக் கிடைக்கிறது. அதற்குக் கட்டுப்பாடு இல்லை. சும்மா வைத்தால் 400 டிகிரியைத் தாண்டிச் சூடேறி, பலகையின் செப்பு வளையத்தையே பெயர்த்துவிடும். வெப்பம் வைத்துக்கொள்ளும் ஸ்டேஷன் வாங்க முடிந்தால் 330 முதல் 350 டிகிரி போதும். முனை ஊசி போல இருக்க வேண்டாம். 2 மில்லிமீட்டர் அளவில் உளி முனைதான் வெப்பத்தைக் காலுக்கும் வளையத்துக்கும் ஒன்றாகக் கடத்தும். மூன்று பின் பிளக், வீட்டில் நிஜமான எர்த், இரண்டும் முக்கியம். இரண்டு பின் அயர்னில் கசியும் மின்சாரம் கையில் சுருக்கென்று தெரிவதோடு சிமாஸ் சிப்பையும் சாகடிக்கும். ஈயக் கம்பி 60/40 அல்லது 63/37, நடுவில் ரோசின் உள்ளது, 22 கேஜ். 18 கேஜ் கம்பி ரேடியோ சேஸிஸுக்கு, ஐ.சி. கால்களுக்கிடையில் பாலம் போட்டுவிடும். ஈயமில்லாக் கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் புதியவர்களுக்கு அது வீண் தொல்லை.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பற்றவைக்காதீர்கள். முனையும் இணைப்பும் ஆறிப்போய் டிரை சோல்டர் (ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு) விழும். புகை முகத்தில் அடிக்காமலிருக்க டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் போதும். புகை ரோசினுடையது, ஈயம் அந்தச் சூட்டில் ஆவியாகாது. ஆனால் ஈயம் விரலில் ஒட்டும், ஆகவே கை கழுவாமல் முறுக்குத் தட்டில் கை வைக்கக் கூடாது. சிறிய டப்பாவில் வரும் அமிலப் பேஸ்ட்டைத் தொடாதீர்கள். வறண்ட ஊரிலேயே அது அரிக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி குருசுக்குப்பத்திலோ அடுத்த மழைக்காலத்துக்குள் இணைப்புகள் பச்சையாகிவிடும். சுத்தம் செய்ய ஐசோபுரோபில் ஆல்கஹால்தான். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருப்பதால் வெள்ளைப் படலம் நிற்கும். சாக்கெட்டில் தகடு வகையை விட்டுவிட்டு, வட்டத் துளையுள்ள கடைசல் பின் வகையை வாங்குங்கள், விலை கூடுதல் என்றாலும். உப்புக் காற்றில் தகடு சாக்கெட்டின் பிடி சீக்கிரம் போய்விடுகிறது. கால்கள் கறுத்துப்போன பழைய ஐ.சி. வந்தால் அது துருவல்ல, வெள்ளிப் பூச்சு கந்தகத்தால் கறுத்தது. ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போகும். பாதியில் நிறுத்திய பலகையைச் சிலிகா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

நிலைமின்சாரம் பற்றிக் கிட் தாள்களில் பயமுறுத்தி எழுதியிருப்பது குளிர்ந்த வறண்ட நாடுகளை மனதில் வைத்து. நம் ஈரக் காற்றில் அந்த ஆபத்து குறைவு. ஏ.சி. அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், பாலியஸ்டர் உடுப்போடு உட்கார்ந்தால் மட்டும் அதே எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

பொருத்தும் வரிசை உயரத்தைப் பொறுத்தது. தரையோடு கிடக்கும் ரெசிஸ்டரும் டயோடும் முதலில், பிறகு சாக்கெட், செராமிக் கெபாசிட்டர், கிரிஸ்டல், கடைசியில் எலக்ட்ரோலிட்டிக்கும் கனெக்டரும். உயரமானதை முதலில் வைத்தால் பலகையைத் திருப்பும்போது மற்றவை கீழே விழும். ஒரு சதவீத நீல ரெசிஸ்டர்களின் ஐந்து கோடுகளைக் கண்ணால் படிக்க முயல வேண்டாம், ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிட்டுப் பொருத்துங்கள். 470 ஓமும் 4.7 கிலோ ஓமும் மாறியதைப் பிறகு கண்டுபிடிக்க அரை நாள் போகும். ஒரே பட்டையாக வரும் ரெசிஸ்டர் நெட்வொர்க்கில் புள்ளி வைத்த கால்தான் பொதுக்கால். திருப்பிப் போட்டால் தகவல் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும், சிப் கெட்டது போலத் தோன்றும். சாக்கெட்டில் முதலில் எதிரெதிர் மூலை இரண்டு கால்களை மட்டும் பற்றவைத்து, சாக்கெட் பலகையோடு படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைப் பற்றவையுங்கள். நல்ல இணைப்பு காலைச் சுற்றிக் குழிந்து பளபளக்கும். உருண்டையாக நின்றால் ஈயம் வளையத்தில் ஒட்டவில்லை என்று பொருள்.

மின்சாரம் கொடுக்கும் நாளில்தான் அவசரம் ஆளைக் கெடுக்கும். எந்த ஐ.சி.யும் செருகாமல் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். தொடர்ந்து பீப் என்று ஒலித்தால் எங்கோ பாலம் இருக்கிறது. ஒலிக்காவிட்டால் மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் அளக்க வேண்டும். இசட்80-க்கு 11-ஆம் கால் 5 வோல்ட், 29 கிரவுண்ட். 28 கால் ரேம், ரோம் இரண்டுக்கும் 28-ஆம் காலும் 14-ஆம் காலும். 14 கால் 74 வரிசையில் பொதுவாக 14-உம் 7-உம். 7490 போன்ற சில மட்டும் 5, 10 என்று முரண்டு பிடிக்கும். எல்லாம் சரியென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பலகையில் குறித்த பக்கம் வெட்டு வரும்படி சிப்பைச் செருகுங்கள். செருகும்போது ஒரு கால் வயிற்றுக்குள் மடங்கிப்போவது சகஜம். மேலிருந்து பார்த்தால் சரியாக உட்கார்ந்தது போலவே தெரியும், பக்கவாட்டில் விளக்கு பிடித்துப் பாருங்கள்.

போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். சார்ஜர் முனையில் 5 வோல்ட் இருந்தாலும் பலகைக்கு வரும்போது 4.75-க்குக் கீழே இறங்கிவிட்டால் பழைய சிப்புகள் உளற ஆரம்பிக்கும். அளவைப் பலகையில்தான் எடுக்க வேண்டும். 9 வோல்ட் அடாப்டரும் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டரும் வைத்தால் அரை ஆம்பியருக்கு 2 வாட் வெப்பம். ஹீட்சிங்க் இல்லாமல் நம் மே மாதத்தில் தாங்காது.

பலகையைக் கணினியோடு இணைக்கும் சீரியல் கேபிள் 5 வோல்ட் டி.டி.எல். வகையாக இருக்க வேண்டும். பழைய மோடம் போர்ட்டின் 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் சிப் போயிற்று. திரையில் ஒன்றுமே வராவிட்டால் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் இசட்80-இன் 26-ஆம் காலில் ரீசெட் 5 வோல்ட்டுக்கு ஏறி நிற்கிறதா, 6-ஆம் காலில் கடிகாரம் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயன்படுத்தாத 16, 17, 24, 25 கால்கள் மேலே இழுக்கப்படாமல் மிதந்தாலும் சிப் நின்றுவிடும். ஓரிரு எழுத்து தட்டினால் சரி, நிரலை மொத்தமாக ஒட்டினால் எழுத்து விட்டுப்போகிறது என்றால் பலகையில் குற்றமில்லை. டெர்மினல் மென்பொருளில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை (பலகை திணறும்போது அனுப்புவதை நிறுத்திவைக்கும் வசதி) இயக்க மறந்திருக்கிறார்கள்.

முகப்புப் பலகைக் கிட் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. விளக்கை ஒவ்வொன்றாக 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் சோதித்துவிட்டு, ஒரு காலை மட்டும் பற்றவைத்து, முகப்பை மாட்டி நேர் பார்த்த பின்பே மறு காலைப் பற்றவையுங்கள். சுவிட்சில் ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் சூடு வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி நெம்பு சிக்கிக்கொள்ளும். 26 சுவிட்சில் ஒன்று சிக்கினாலும் மொத்தத்தையும் கழற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் ஒரு மாணவர் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது. தனி ஆளாக வாங்குவது நியாயமில்லாத சாமான் ஒன்றிருக்கிறது: ரோமில் நிரல் எழுதும் புரோகிராமரும், எழுதியதை அழிக்கும் புற ஊதா இரேசரும். 27சி512 என்ற ரோம் சிப்பை அழிக்க இரேசரில் 15 முதல் 20 நிமிடம். நேர் வெயிலில் வைத்தால் சுமார் ஒரு வாரம். வருடத்துக்கு நாலைந்து முறை தேவைப்படுவதற்காக ஒவ்வொரு வீடும் இதை வாங்க வேண்டியதில்லை. லாஸ்பேட்டை அப்துல் கலாம் அறிவியல் மையமும் கடலூர் மாவட்ட மைய நூலகமும் ஆளுக்கொரு புரோகிராமர், ஓர் இரேசர், எர்த் உள்ள மேசையில் வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்டேஷன் இரண்டு என்று வைத்து, சனிக்கிழமைகளில் மாணவர்களுக்குத் திறந்துவிட்டால் இரு ஊருக்கும் போதும். வாங்கும்போது மூடியைத் திறந்தவுடன் விளக்கு தானாக அணையும் இரேசரையே வாங்க வேண்டும்; அதன் 253.7 நானோமீட்டர் ஒளி கண்ணைக் கெடுக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.